இரவல் வாங்கிய கிரில்

ரஸ்னா கறி சுடுகிற கிரில்லின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கணவனைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள்.

"இங்க வந்து பாருங்களேன். கடையில வாங்கின அன்னைக்குக்கூட இப்படிப் பளபளன்னு இருந்துச்சா? நம்மளும்தான் தேய்க்கிறோம். கலா கைன்னா கலா கைதான்லா."

கலாதேவி வெங்காயத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சும்மா இருங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். வெங்காயம் நறுக்குகிற வேலை கையில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. கண் கலங்குவதற்கு யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

ஈப்போவிலிருந்து செம்மோர் போகிற சாலையில், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த மேட்டில் கட்டிய தாமான் குடியிருப்பில் இரண்டு குடும்பமும் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் இடுப்பளவு சுவர். ரஸ்னாவின் கணவர் ஷாஃபிக்கு டவுனில் துணிக்கடை. கலாதேவி ஒரு பல் கிளினிக்கில் முன்மேசையில் இருக்கிறாள். ரஸ்னாவின் மகள் முஹ்ஸினாவும் கலாவின் மகள் மீனுவும் அந்தச் சுவரில் ஏறி உட்கார்ந்து வளர்ந்தவர்கள். முஹ்ஸினாவுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. தைப்பிங்கிலிருந்து சம்பந்தி வீட்டார் முதல் தடவையாக இன்று மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். ஆட்டுக்கறியை வெளியே வைத்துச் சுட்டுக் கொடுக்கலாம் என்று ரஸ்னா ஒரு வாரமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு வாரமும் கலாதேவிக்குச் சோறு இறங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மீனுவுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததற்கு ஒரு சின்ன விருந்து வைத்தார்கள். கிரில்லை ரஸ்னா தானாகவே கொடுத்தாள். சுவரோரம் இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டு வந்தபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "கோழி சுடு, எறா சுடு, என்ன வேணும்னாலும் சுடு. அது மட்டும் வேணாம். ஒனக்குத் தெரியும்ல?"

"ஐயோ அக்கா, இதையெல்லாம் எனக்குச் சொல்லணுமா?" கலாவுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அன்று ஆயர் தாவாரிலிருந்து கொழுந்தன் சீனி வந்தான். கையில் ஒரு பெரிய ஐஸ்கிரீம் டப்பா. செம்பனைக் காட்டில் பிடிபட்ட காட்டுப்பன்றி, மிளகும் சோயா சாஸும் போட்டு முதல் நாளே ஊறவைத்தது. டப்பாவைத் திறந்ததுமே நாலைந்து பேர் கைதட்டிவிட்டார்கள். சீனி இடுக்கியைப் பிடித்தபடி கிரில் முன்னால் நின்று, "அண்ணி, இதையும் இதுலேயே வச்சிடலாமா?" என்று கேட்டான்.

பின்கட்டில் கரி அடுப்பு ஒன்று இருந்தது. 'இது பாய் வீட்டு அடுப்பு, வேணாம் தம்பி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் அதை அங்கே கொண்டுபோயிருப்பான். கலாவின் கையில் அடுக்கிய தட்டுகள். வந்தவர்கள் எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாயெடுத்தாள். "ம்... வைங்க" என்று வந்தது.

பிறகு கழுவிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். ரஸ்னாவும் ஷாஃபியும் அன்றைக்குக் கடையில் இருந்தார்கள். கொழுப்பு சொட்டி நெருப்பு மேலே எழும்பியது; அந்த வாசம் சுவரைத் தாண்டிப் போவதை அவளே நின்று பார்த்தாள்.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கழுவினாள். கொதிக்கிற தண்ணீர், சோப்பு, இரும்பு நார், பிறகு ரப்பர் பைப்பைப் பிடித்து உள்ளும் புறமும் தண்ணீர் அடித்தாள். விரல் நுனியெல்லாம் கீறிப்போயிற்று. சுத்தமான பிறகும் விடாமல் தேய்த்தாள். அவர்கள் கழுவுகிற முறை வேறு, மண் கரைத்த தண்ணீர், ஏழு தடவைக் கணக்கு எல்லாம் அதில் உண்டு என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கிளினிக்கில் கூட வேலை செய்கிற மலாய்ப் பெண் ஒருமுறை விவரமாகச் சொல்லியிருக்கிறாள். தெரிந்துதான் சோப்புப் போட்டாள். சாயங்காலம் கிரில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தாள். அந்த நாளை தினமும் ஒரு நாள் தள்ளிப் போயிற்று. இன்று காலையில் வெங்காயம் நறுக்கித் தருகிறேன் என்று வந்ததே சொல்வதற்குத்தான்.

ஷாஃபி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கேஸ் சிலிண்டர் தோங்கைத் திறந்தார். கிரில்லின் குமிழைத் திருகிப் பற்றவைக்கிற பொத்தானை அழுத்தினார். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினார். ம்ஹூம்.

 பற்றாமல் போகட்டும் என்று கலா நினைத்தாள். பற்றாவிட்டால் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

"லைட்டரை வச்சுப் பத்த வைங்களேன்" என்றாள் ரஸ்னா.

"போலா! போன வருஷம் லைட்டர் வச்சுத்தான் புருவத்தைக் கருக்கிக்கிட்டேன். ரெண்டு மாசம் கடையில மொகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தது மறந்துடுச்சா? பேட்டரி செத்திருக்கும், இரு."

குமிழை அணைத்துவிட்டுச் சுவர்க்கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்தார். பொத்தானின் மூடியைத் திருகி எடுத்ததும் உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது.

"இதுக்குள்ள எப்படித் தண்ணி போச்சு?"

"கழுவினா தண்ணி போகாதா? அவ எவ்வளவு பாடுபட்டுக் கழுவியிருக்கா, நீங்க குத்தம் கண்டுபிடிக்கிறீங்க."

"பைப்பு போட்டுட்டேன்ணே" என்றாள் கலா.  "சாரிண்ணே."

"அட, அதுக்கென்ன. காய வச்சாப் போச்சு."

ரஸ்னாவின் தலைமுடி காயவைக்கிற டிரையர் வந்தது. ஷாஃபி அந்த ஓட்டைக்குள் சூடான காற்றை அடித்தார். டீயை ஆற்றுவதுபோல அவ்வளவு பொறுமையாகச் செய்தார். பேட்டரியைப் போட்டு அழுத்தியதும் டிக் டிக் டிக் என்று சத்தம் கிளம்பியது. ஆனால் நெருப்பு வரவில்லை.

"விட்டுருங்கண்ணே" என்று கலா எழுந்து வந்தாள். "உள்ள சட்டியிலேயே வறுத்துடலாம். நானே செஞ்சு தாரேன். ஒரு மணி நேரம்கூட ஆகாது."

"சுட்ட கறின்னு சம்பந்தியம்மாகிட்ட சொல்லி வச்சுட்டேனே" என்றாள் ரஸ்னா. "மாப்பிள்ளைக்கு ரொம்பப் பிடிக்குமாம்."

ஷாஃபி மறுபடி குமிழைத் திருகப் போனார். கலாவின் வாய் தானாகத் திறந்தது. "அண்ணே, இருங்க. எனக்குக் கேஸ் வாசம் வருது."

அவர் திடுக்கிட்டுத் தோங்கை மூடினார். "எங்க? எனக்கு வரலியே."

"வருதுண்ணே. டியூப்புகிட்ட."

அப்படி எந்த வாசமும் இல்லை. ஷாஃபி அதை நம்பினார். ரஸ்னாவைத் தள்ளி நிற்கச் சொன்னார். ஒரு கிண்ணத்தில் சோப்பைக் கரைத்து, டியூப் நெடுகிலும், தோங்கின் கழுத்திலும் தடவி, குந்தி உட்கார்ந்து குமிழி வருகிறதா என்று பார்த்தார். அவருக்கு முட்டிவலி உண்டு. எழுந்திருக்கும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஒன்னும் இல்ல. இருந்தாலும் நீ சொன்னது நல்லது கலா. இந்த விஷயத்துல அசால்ட்டா இருக்கக்கூடாது" என்றார்.

கலாவுக்கு அந்த இடத்திலேயே நிற்கப் பிடிக்கவில்லை. போகவும் முடியவில்லை.

அடுத்து அவர் போனில் யூடியூப்பைத் திறந்து வைத்துக்கொண்டார். யாரோ ஒரு வெள்ளைக்காரன் தன் வீட்டுத் தோட்டத்தில் நின்று இதே கோளாறை விளக்கிக்கொண்டிருந்தான். ஸ்பார்க் வருகிற கம்பியின் நுனியைப் பார், பர்னரை விட்டு விலகியிருந்தால் பொறி தாண்டாது, அழுக்கு அடைத்திருந்தாலும் தாண்டாது என்றான். ஷாஃபி கிரில்லின் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட்டுத் தலையை உள்ளே நுழைத்தார்.

"ஆங், கெடச்சிருச்சு. கம்பி வளைஞ்சிருக்கு. தேய்ச்ச வேகத்துல நாரு மாட்டி இழுத்திருக்கு. பின்னால என்னவோ கட்டியா ஒட்டிக்கிட்டும் இருக்கு பாரு."

அவள் நாருக்கு எட்டாத மூலை அது. ஷாஃபி கட்டை விரல் நகத்தால் அதைச் சுரண்டி எடுத்தார். வெளியே கொண்டுவந்து மூக்கருகில் வைத்து முகர்ந்தார்.

"கொழுப்பு" என்று சிரித்தார். "நல்லா கொழுத்த கோழியாத்தான் வாங்கியிருக்கீங்க கலா."

இப்போதுதான் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது.  ஷாஃபி விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டு, குறடால் கம்பியைப் பிடித்து மெல்ல வளைத்தார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். தட்டுகளைத் திரும்பப் போட்டுத் தோங்கைத் திறந்து, குமிழைத் திருகி அழுத்தினார். டிக் டிக் என்றது. பிறகு 'குப்' என்று ஒரு மெல்லிய சத்தம். பர்னர் முழுக்க நீல நெருப்பு ஓடியது.

"ரஸ்னா! பத்திருச்சு! பாரு, நானே செஞ்சேன்!"

உள்ளேயிருந்து ரஸ்னா மசாலா தடவிய ஆட்டுக்கறித் தாம்பாளத்தோடு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இடுக்கியால் முதல் துண்டைத் தூக்கினாள்.

"அக்கா, வைக்காதீங்க."

"ஏன், இன்னும் சூடாகணுமா?"

"அதுல போன வாரம் பன்னிக்கறி சுட்டாங்க."

 ரஸ்னா துண்டைத் தாம்பாளத்தில் திரும்ப வைத்தாள். தாம்பாளத்தோடு இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

"சீனி, என் கொழுந்தனாரு, எனக்குத் தெரியாம வச்சுட்டாருக்கா. நான் பாக்கிறதுக்குள்ள..." என்றாள் கலா. எவ்வளவு சுலபமாக அது வந்துவிட்டது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஷாஃபி குனிந்து தோங்கை மூடினார். பிறகு தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார். கைலியைப் பார்த்தார். குறடு, டிரையர், போன், சோப்புக் கிண்ணம், கடிகாரத்துப் பேட்டரி என்று எதையெல்லாம் தொட்டாரோ அதன்மேலெல்லாம் அவர் கண் ஒவ்வொன்றாகப் போய் வந்தது. கலாவின் கண்ணும் கூடவே போயிற்று. கோபப்பட்டு ஒரு சொல் சொன்னால்கூடத் தேவலை என்றிருந்தது. 

"ரஸ்னா, என் போனைத் தொடாத. அந்த டிரையரையும் அங்கேயே விட்டுரு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கைகளை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனார். ரம்புத்தான் மரத்தடியில் மண்ணைத் தோண்டுகிற சத்தம் வந்தது.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்றாள் ரஸ்னா.

"அன்னைக்கே."

"தெரிஞ்சுதான் தேய்ச்சுக் கொண்டாந்து விட்டியா?"

கலா தரையைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"கேஸ் வாசம் வருதுன்னியே?"

"வரலக்கா."

ரஸ்னா பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அந்த மனுஷன் முட்டிவலியோட குந்தி ஒக்காந்து பாத்தாரு. நீ பாத்துக்கிட்டே நின்ன." தாம்பாளத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். "வீட்டுக்குப் போ கலா. சம்பந்தி வர்ற நேரம். ஒன்கிட்ட சண்டை போடக்கூட எனக்கு இப்ப நேரமில்ல."

கலா வீட்டுக்குப் போய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். தைப்பிங் கார் வந்தது. முஹ்ஸினாவின் சிரிப்பு கேட்டது. "கிரில்லு கெட்டுப் போச்சு சம்பந்தி, சட்டியிலதான் வறுத்தேன்" என்று ரஸ்னா சொன்னது தெளிவாகக் கேட்டது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் சொன்ன பொய். அதுவும் தன்னால் வந்தது என்று கலா நினைத்துக்கொண்டாள்.

கணவன் தனேஸ்வரன் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். "அதான் நல்லாக் கழுவியாச்சே. பேசாம இருந்திருக்கலாம்ல?"

"வாயை மூடுங்க" என்றாள். பத்தொன்பது வருஷத்தில் அப்படி அவனிடம் அவள் பேசியதில்லை.  சாயங்காலம் அவன் தம்பிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னான். உன் அண்ணி உன் பேரைத்தான் சொல்லியிருக்கிறாள் என்பதையும் சொல்லிவிட்டான்.

அந்த வாரம் முழுக்க சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கிரில் கான்வாஸ் போர்த்தி மூலையில் கிடந்தது. கிளினிக்கில் பல்வலிக்காரர்கள் பேரைக் கேட்டு எழுதும்போதெல்லாம், நகத்தை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்த ஷாஃபியின் முகம் அவள் முன்னால் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரும் கூப்பிடாமலே சீனி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். ஆயர் தாவாரிலிருந்து அத்தனை தூரம் மழையில் நனைந்துகொண்டு வந்திருந்தான். வீட்டுக்குள் வரவில்லை.

"நான் போய் அவங்களைப் பாத்துட்டு வாரேன் அண்ணி" என்றான். ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தான். அன்றைக்குத் தான் கேட்டதும் அவள் சொன்னதும் அவனுக்கு மறந்திருக்க வழியில்லை. ஆனால் அதைப்பற்றி ஒன்றும் பேசாமல் பக்கத்து வீட்டுக் கேட்டைத் தட்டினான். கலா பின்னாலேயே போனாள்.

மழை விட்டிருந்தது. ஷாஃபி புல்தரையில் கிரில்லைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பரப்பியிருந்தார். ஒரு வாளியில் மண் கரைத்த தண்ணீர். ரஸ்னா வாசல்படியில் நின்றாள்.

"அண்ணே, நான்தான் சீனி" என்றான். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தான். "உங்க அடுப்புன்னு தெரியாதுண்ணே. தெரிஞ்சிருந்தா அந்த டப்பாவைத் தெறந்திருக்கவே மாட்டேன். மன்னிச்சுக்குங்க. அக்கா, நீங்களும்."

ஷாஃபி நிமிர்ந்தார். "தெரியாம நடந்ததுக்கு என்ன தம்பி சொல்றது. ஆனா இன்னொருத்தர் வீட்டுல ஒன்ன அடுப்புல வைக்கிறதுக்கு முன்னாடி, வீட்டுக்காரங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

சீனியின் முகம் ஒருகணம் என்னவோபோல் ஆயிற்று. பிறகு தலையைக் குனிந்துகொண்டான். "தப்புதாண்ணே."

கலாதேவி ஓரடி முன்னால் வந்தாள். "கேட்டாரு" என்றாள்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"அவரு கேட்டாருண்ணே. வச்சிடலாமா அண்ணின்னு என்னைத்தான் கேட்டாரு. நான்தான் வைங்கன்னேன்."

"விடுங்க அண்ணி..." என்று சீனி முணுமுணுத்தான்.

"ஏன்?" என்றாள் ரஸ்னா. ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் கலாவிடம் பேசிய முதல் வார்த்தை.

"எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாங்க. வேணாம்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. கழுவிட்டா உங்களுக்குத் தெரியப்போறதில்லைன்னு நெனச்சேன்." இதற்குமேல் அதை அழகாகச் சொல்ல வழி இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை. "அன்னைக்கு உங்ககிட்ட சொன்னப்பகூட அவரு தலையில போட்டுட்டேன்."

 ரஸ்னா படியிறங்கி வந்து சீனியின் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கினாள். "நனைஞ்சிருக்கீங்க தம்பி. உள்ள வாங்க, தேத்தண்ணி குடிச்சுட்டுப் போலாம்." கலாவைக் கூப்பிடவில்லை. சீனி அண்ணியைத் திரும்பிப் பார்த்துத் தயங்கினான். அவள் போகச் சொல்லித் தலையசைத்தாள்.

ஷாஃபி மறுபடி குனிந்து ஒரு தட்டை எடுத்தார். மண் தண்ணீரை ஊற்றி இரண்டு பக்கமும் தேய்த்தார். வீட்டுக்குத் திரும்புவதா வேண்டாமா என்று தெரியாமல் கலா நின்றுகொண்டிருந்தாள்.

"பைப்பைத் தெற கலா" என்றார் அவர், தலை நிமிராமலே. "நான் சொல்றப்ப ஊத்து. நீ தட்டைத் தொடவேணாம்."

அவள் குழாயைத் திறந்தாள். அவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டே திருப்பித் திருப்பிக் காட்டினார். அவள் ஊற்றினாள். ஒரு தட்டு முடிந்து அடுத்தது, பிறகு பர்னர், பிறகு மூடி. சேறு கலந்த தண்ணீர் சாக்கடைக்குப் போயிற்று. கடைசித் துண்டையும் கழுவி வெயிலில் சாய்த்து வைத்தபோது, "போதும்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

அந்த 'ஏன்'னுக்குமேல் ரஸ்னா அன்றும் கலாவிடம் பேசவில்லை. அதற்குப் பிறகு வந்த வாரங்களிலும் பேசவில்லை. கேட்டைத் திறக்கும்போது எதிரெதிரே பட்டால் தலையை மட்டும் அசைப்பாள். வெள்ளிக்கிழமைகளில் சுவர்மேல் வந்து உட்காருகிற பிரியாணிப் பாத்திரம் வரவில்லை. கலாவும் அதைத் தேடவில்லை. தேடுகிற உரிமை தனக்கு இல்லை என்று இருந்தாள்.

ஒருநாள் காலையில் கலா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது ரஸ்னா துணி காயப்போட வந்தாள். ஒரு பாவாடையை உதறிக் கொடியில் போட்டாள். கிளிப்பை மாட்டினாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"முஹ்ஸினா முழுகாம இருக்கா."

கலாவின் கையிலிருந்த துடைப்பம் நின்றது. "சந்தோஷம்க்கா" என்றாள். இன்னும் என்னென்னவோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொன்னால் அழுதுவிடுவாள்.

"ம்" என்றாள் ரஸ்னா. அடுத்த துணியை எடுத்து உதறினாள்.